மின்கம்பி எட்டாத வன்னிக் காணிக்குச் சூரிய மின்சாரம்: கலப்புச் சேமிப்பை அமைக்கும் முறை

வன்னியில் மின்கம்பம் நிற்கும் வீதியிலிருந்து உட்தள்ளி அமைந்த தோட்டக் காணிகளுக்கும் வயற்கொட்டில்களுக்கும் சூரிய மின்சாரமே இன்று நடைமுறைக்கு உகந்த வழியாக இருக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்களை நம்பியிருந்த சிறுதோட்டச் செய்கையாளர்கள் அந்த வழியை முன்னிலும் தீவிரமாக எண்ணத் தொடங்கினார்கள். சூரியப்படலைக் கூரையில் பூட்டுவது இதில் இலகுவான பகுதி. பகலில் கிடைக்கும் மின்சாரத்தை இரவுக்கும் மழைநாளுக்கும் மோட்டர் கிளம்பும் அந்தக் கணத்துக்கும் பங்கிட்டு வைப்பதுதான் கடினமானது, பணத்தைக் கரைப்பதும் அதுவே. இந்த வழிகாட்டி, முதன்முறையாக ஒரு தனித்தியங்கும் தொகுதியை அமைப்பவர், ஒன்றுக்கு மேற்பட்ட சேமிப்பு வகைகளைச் சேர்த்து எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைப் படிப்படியாகக் கூறுகிறது.

இரண்டு கணக்குகள்

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகளைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று சக்தி, அதை வாற்று மணியில் அளக்கிறோம். மற்றையது வலு, அதை வாற்றில் அளக்கிறோம். ஒரு குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதும், அதன் துருசு ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீரை வெளியே விடும் என்பதும் எவ்வாறு வேறு வேறு கேள்விகளோ, அவ்வாறே பற்றரியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதும் அது ஒரு நொடியில் எவ்வளவு வலுவைத் தரும் என்பதும் வேறு வேறு கேள்விகள். மின்விசிறி இரவு முழுவதும் கேட்பது சக்தியை. நீர்ப்பம்பியின் மோட்டர் கிளம்பும்போது கேட்பது வலுவை. ஒரே வகைப் பற்றரியால் இரண்டையும் நிறைவேற்ற முயலும்போது, வலுவுக்காகத் தேவைக்கு மீறிய பெரிய பற்றரியை வாங்குகிறோம், அல்லது அளவான பற்றரியைக் காலத்துக்கு முன்பே பழுதாக்குகிறோம். மெதுவாகவும் நெடுநேரமும் கொடுக்கும் சேமிப்பிடம் ஒரு வேலையையும், சடுதியாகக் கொடுத்துச் சடுதியாக வாங்கும் சேமிப்பிடம் இன்னொரு வேலையையும் பார்க்குமாறு அமைப்பதே கலப்புச் சேமிப்பு.

முதற்படி: சுமைகளை எழுதுங்கள்

ஒரு கொப்பியில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் வாற்றையும் அது ஒரு நாளில் ஓடும் மணித்தியாலங்களையும் எழுதிப் பெருக்க வேண்டும். மாதிரிக்கு ஒரு தோட்டவீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் ஐந்து, 5 மணித்தியாலம் எரிந்தால் 225 வாற்று மணி. 50 வாற்று மின்விசிறிகள் இரண்டு, 8 மணித்தியாலம் சுழன்றால் 800. தொலைக்காட்சி 180, கைப்பேசிகளுக்கும் வானொலிக்கும் 45, சிறிய குளிர்சாதனப்பெட்டிக்கு 800, இரவில் 12 மணித்தியாலம் இயங்கும் யானை வேலியின் மின்கருவிக்கு 120. இவை சேர்ந்து 2170 வாற்று மணி. ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி ஏறத்தாழ 1100 வாற்றை இழுத்து ஒரு மணித்தியாலம் ஓடினால் 1100. பலர் மறந்துவிடும் ஒரு வரியும் உண்டு: பற்றரியின் நேரோட்டத்தை (டி.சி.) வீட்டுக் கருவிகளுக்கு வேண்டிய ஆடலோட்டமாக (ஏ.சி.) மாற்றும் இன்வேற்றர், எந்தச் சுமையும் இல்லாதபோதும் தனக்கென 20 வாற்று அளவில் தின்றுகொண்டிருக்கும். அது 24 மணித்தியாலத்துக்கு 480 வாற்று மணி, அதாவது எல்லா விளக்குகளும் எடுப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மொத்தம் 3750 வாற்று மணி ஆகிறது.

இதில் சூரியன் மறைந்த பின் தேவைப்படுவது எவ்வளவு என்பதைத் தனியே எழுதுங்கள். குளிர்சாதனப்பெட்டியின் இரவுப் பங்கை 450 எனவும் இன்வேற்றரின் இரவுப் பங்கை 280 எனவும் கொண்டால், மேற்படி வீட்டின் இரவுத் தேவை 2100 வாற்று மணி. மின்சாரத்தை மாற்றும்போது இன்வேற்றரில் இழக்கப்படுவதையும் சேர்த்து 2350 என வைத்துக்கொள்ளலாம். சேமிப்பின் அளவைத் தீர்மானிப்பது நாள் முழுவதற்குமான கணக்கு அல்ல, இந்த இரவுக் கணக்கே.

படலின் அளவுக்கு, கோடையில் ஒரு நாளுக்கு 5 மணித்தியால முழுவெயிலும், கார்த்திகை மார்கழி மாதங்களில் 3.5 மணித்தியாலமும் கிடைப்பதாக எடுத்து, வெப்பம், தூசி, கம்பி இழப்பு, மின்னேற்ற இழப்பு அனைத்துக்குமாக 30 சதவீதத்தைக் கழிப்பது பாதுகாப்பான கணக்கு. 400 வாற்றுப் படல்கள் மூன்று கோடையில் நாளொன்றுக்கு 4200 வாற்று மணியையும் மாரியில் 2940 வாற்று மணியையும் தரும். மாரியில் குறைகிறதே எனக் கவலைப்படத் தேவையில்லை. காலபோக மழை பெய்யும்போது தோட்டத்துக்கு நீரிறைக்கும் வேலை நின்றுவிடுவதால் தேவையும் 2650 ஆக இறங்கிவிடுகிறது. வெயிலும் நீரிறைப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது நமது நிலத்துக்கு வாய்த்த நல்ல பொருத்தம். ஆயினும் அடைமழையில் வானம் நாள் முழுவதும் மூடியிருந்தால் படல் தன் வழமையான விளைச்சலில் நாலில் ஒரு பங்கையும் தராது. அந்த நாட்களுக்கே மேலதிகச் சேமிப்பும் சுமைக் கட்டுப்பாடும் வேண்டும்.

படல்களைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சரித்துப் பூட்டுங்கள். வன்னி மத்திய கோட்டுக்கு ஏறத்தாழ 9 பாகை வடக்கே இருப்பதால் அதற்கு மேல் சரிக்கத் தேவையில்லை. அதற்குக் குறைந்தால் மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு போகாது.

சேமிப்பிடங்களின் இயல்பு

ஈய அமிலப் பற்றரியை எல்லோரும் அறிவர். அது விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது. ஆனால் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் நாளாந்தம் எடுத்தால் ஆயுள் விரைவாகக் குறையும். வேகமாக எடுத்தால் கிடைக்கும் மொத்த அளவும் குறையும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அது முழுமையாக நிரம்பிய நிலையிலேயே இருக்க விரும்பும் பற்றரி. 80 சதவீதம் வரை ஓரளவு விரைவாக நிரம்பினாலும் மிச்சம் 20 சதவீதத்துக்குப் பல மணித்தியாலம் வேண்டும். மாரிகாலத்தில் வெயில் இடையிடையே ஓரிரு மணித்தியாலமே எட்டிப்பார்க்கும்போது அது ஒருநாளும் முழுமையாக நிரம்பாது. அரைகுறையாகக் கிடக்கும் தகடுகளில் ஈய சல்பேற்றுப் பளிங்குகள் இறுகிப் படிந்து கொள்ளளவை நிரந்தரமாகக் குறைத்துவிடும். மழைக்காலம் முடிந்த கையோடு பற்றரிகள் பழுதாவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

லிதியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றரி இதற்கு நேர்மாறானது. 80 சதவீதம் வரை எடுத்தாலும் ஆயிரக்கணக்கான ஏற்ற இறக்கச் சுற்றுகள் தாங்கும். அரைகுறையாக இருப்பது அதற்குக் கேடு அல்ல. கிடைக்கும் சிறிது நேர வெயிலையும் வேகமாக உள்வாங்கும். ஏற்றியதில் 95 சதவீதம் அளவைத் திருப்பித் தரும், ஈய அமிலத்தில் இது 80 முதல் 85 சதவீதமே. ஆனால் அதனுள்ளே இருக்கும் மின்கல முகாமைச் சுற்று, குறித்த மின்னோட்டத்துக்கு மேல் கேட்டால் பற்றரியை உடனே துண்டித்துவிடும். 100 அம்பியர் எல்லையுள்ள 24 வோல்ற்று வகைப் பற்றரி ஏறத்தாழ 2500 வாற்றுக்கு மேல் தொடர்ந்து தராது. வன்னி வெயிலில் கவனிக்க வேண்டியது, 45 பாகை செல்சியசுக்கு மேல் அதற்கு மின்னேற்றக் கூடாது என்பதே.

சுப்பர் கப்பாசிற்றர் மூன்றாவது வகை. இது இரசாயன மாற்றம் எதுவுமின்றி மின்னேற்றத்தை மேற்பரப்பில் தேக்கி வைப்பதால், ஐந்து இலட்சம் முதல் பத்து இலட்சம் சுற்றுகள் வரை தாங்குகிறது. நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரு நொடியில் தருகிறது. ஆனால் அதனுள் அடங்கும் சக்தி மிகச் சிறியது. ஒரு கிலோ ஈய அமிலப் பற்றரி 30 முதல் 40 வாற்று மணியைத் தேக்கும்போது, ஒரு கிலோ சுப்பர் கப்பாசிற்றர் 5 வாற்று மணி அளவையே தேக்கும். ஒரு கலத்தின் உச்ச வோல்ற்றளவு பெரும்பாலும் 2.7 என்பதால் பலவற்றைத் தொடராக இணைத்து, அவை சமமாக நிரம்புவதற்கான சமப்படுத்தும் சுற்றோடு விற்கிறார்கள்.

நாலாவது சேமிப்பிடம் தண்ணீர்த்தாங்கி. மதியவெயிலில் பம்பியை ஓட்டித் தாங்கியை நிரப்பிவிட்டால், மாலையில் பற்றரியிலிருந்து 1100 வாற்று மணியை எடுக்கும் தேவையே எழாது. தாங்கிக்கு மின்னிறக்க எல்லை இல்லை, சுற்றுக் கணக்கு இல்லை. கலப்புச் சேமிப்பு என்றவுடன் விலையுயர்ந்த மின்கருவிகளையே நினைக்கும் பழக்கத்தை விட்டு, முதலில் வாங்க வேண்டிய சேமிப்பிடம் இதுதான் என உறுதியாகச் சொல்வேன்.

எதை எதோடு சேர்ப்பது

கையில் எதுவுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர் புதிய ஈய அமிலப் பற்றரியை வாங்க வேண்டாம். மேற்படி வீட்டுக்கு 25.6 வோல்ற்று, 120 அம்பியர் மணிக்குக் குறையாத லிதியம் பற்றரியும், இரண்டு நாள் நீர்த்தேவையைத் தாங்கும் தாங்கியும் போதும். 120 அம்பியர் மணியை 25.6 வோல்ற்றால் பெருக்கினால் 3072 வாற்று மணி. அதில் 80 சதவீதம் 2458, இரவுத் தேவையான 2350ஐ அது நிறைவு செய்கிறது. இதே தேவையை ஈய அமிலத்தால் நிறைவு செய்ய 12 வோல்ற்று 200 அம்பியர் மணிப் பற்றரிகள் இரண்டு வேண்டும், அவற்றையும் ஒவ்வோர் இரவும் பாதி வரை இறக்க வேண்டும்.

ஏற்கெனவே அத்தகைய ஈய அமிலப் பற்றரிகள் இரண்டு நல்ல நிலையில் இருப்பவர் அவற்றை எறிய வேண்டியதில்லை. லிதியத்தை நாளாந்த வேலைக்கும், ஈய அமிலத்தை மழைநாளுக்கான இருப்பாகவும் வைத்துக்கொண்டால் இரண்டும் தத்தமக்கு உகந்த நிலையில் இருக்கும். லிதியம் தினமும் ஏறி இறங்கும். ஈய அமிலம் நிரம்பியபடியே காத்திருந்து, ஆண்டில் சில நாட்களே வேலை செய்யும். கலப்புச் சேமிப்பில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலனைத் தருவது இந்தச் சேர்க்கையே.

சுப்பர் கப்பாசிற்றர் எல்லோருக்கும் வேண்டியதன்று. கிளம்பும் மோட்டர் இருக்கும் இடத்துக்கே அது வேண்டும், அங்கும் முதலில் மோட்டரை மாற்ற முடியுமா எனப் பாருங்கள். மெதுவாக வேகமெடுக்கும் நேரோட்ட நீர்ப்பம்பியோ, வேகக் கட்டுப்படுத்தியோடு வரும் பம்பியோ இருந்தால் சடுதிச் சுமை என்ற சிக்கலே எழாது. ஏற்கெனவே உள்ள ஒற்றைக்கலைத் தூண்டல் மோட்டரை மாற்ற வசதியில்லாதவருக்கே அடுத்த பகுதி.

மோட்டர் கிளம்பும் கணம்

ஒரு குதிரைவலுத் தூண்டல் மோட்டர் ஓடும்போது இழுப்பதைப்போல 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தைக் கிளம்பும்போது இழுக்கும். அது ஒரு நொடிக்கும் குறைவான நேரமே நீடித்தாலும், 24 வோல்ற்றுப் பக்கத்தில் அதைக் குறைந்தது 150 அம்பியர் எனக் கொள்வோம். பற்றரிகளின் அகத்தடை, அதாவது அவற்றின் உள்ளேயே மின்னோட்டத்தை எதிர்க்கும் தடை, 10 மில்லி ஓம், கம்பிகளதும் இணைப்புகளதும் தடை 5 மில்லி ஓம் எனக் கொண்டால், 150 அம்பியருக்கு வோல்ற்றளவு 2.25 வீழ்ந்து 24.4 இலிருந்து 22.15 ஆகும். இது தாங்கக்கூடியது. பற்றரி பழசாகி அகத்தடை 20 மில்லி ஓமுக்கு ஏறினால் வீழ்ச்சி 3.75 ஆகி, வோல்ற்றளவு 20.65 வரை இறங்கும். 21 வோல்ற்றில் துண்டிக்குமாறு அமைத்த இன்வேற்றர் அந்தக் கணத்தில் நின்றுவிடும், வீடு இருளும். பற்றரியில் பாதிக்கு மேல் சக்தி இருக்கும்போதே இது நிகழ்வதால், பலர் பற்றரி முடிந்துவிட்டது என முடிவுகட்டிப் புதியதை வாங்குகிறார்கள். லிதியப் பற்றரியில் அகத்தடை குறைவு. ஆனால் 150 அம்பியரை அதன் முகாமைச் சுற்று அனுமதிக்குமா, எத்தனை நொடிக்கு அனுமதிக்கும் என்பதைத் தரவுத்தாளில் பார்த்தே வாங்க வேண்டும்.

இப்பொழுது 16 வோல்ற்று 500 பரட் (பரட் என்பது கப்பாசிற்றரின் கொள்ளளவை அளக்கும் அலகு) சுப்பர் கப்பாசிற்றர்த் தொகுதிகள் இரண்டைத் தொடராக இணைத்து, அதாவது 32 வோல்ற்று 250 பரட்டாக்கி, பற்றரிக்குச் சமாந்தரமாக வைப்போம். அதன் அகத்தடை சில மில்லி ஓம் மட்டுமே என்பதால், மோட்டர் கேட்கும் மின்னோட்டத்தில் பெரும்பங்கை அதுவே கொடுத்துவிடும். கொள்ளளவின் பாதியை வோல்ற்றளவின் வர்க்கத்தால் பெருக்கினால் சக்தி கிடைக்கும், அதன்படி 24.4 வோல்ற்றிலிருந்து 22.4 வோல்ற்று வரை இறங்கும்போது அது 11,700 யூல் (ஒரு வாற்று மணி 3600 யூல்) தருகிறது. 3000 வாற்றுச் சடுதிச் சுமையை ஏறத்தாழ 4 நொடிக்குத் தாங்க இது போதும், மோட்டருக்கோ ஒரு நொடியும் தேவையில்லை. அதே கப்பாசிற்றரை 28 வோல்ற்றிலிருந்து 22 வரை இறக்கினாலும் கிடைப்பது 10.4 வாற்று மணி. ஒரு 9 வாற்று விளக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் எரியும் அளவு. பம்பியைக் கிளப்பப் போதுமானது, ஓர் இரவை ஓட்டப் போதாதது. ஆகவே கப்பாசிற்றரைப் பூட்டினால் பற்றரியைக் குறைக்கலாம் என யாராவது சொன்னால் அதை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இணைக்கும்போது

வெறுமையான கப்பாசிற்றரைப் பற்றரியோடு நேரே தொடுத்தால் அது குறுஞ்சுற்றுக்குச் சமம். தீப்பொறி பறக்கும், முனைகள் உருகும். முதலில் ஒரு தடையின் ஊடாக நிரப்ப வேண்டும். லொறிகளில் பயன்படும் 24 வோல்ற்று 70 வாற்று முகப்பு விளக்குக் குமிழைக் கப்பாசிற்றரோடு தொடராக வைத்துப் பற்றரியோடு இணைப்பது எளிய வழி. குமிழ் முதலில் பிரகாசமாக எரிந்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் சென்று மெல்ல மங்கி அணையும். பின்னர் மானியால் அளந்து, இருபக்க வோல்ற்றளவு வித்தியாசம் அரை வோல்ற்றுக்குக் குறைந்த பின்னரே நிரந்தர இணைப்பைப் போடுங்கள். கழற்றும்போதும் அதே குமிழின் ஊடாக வெறுமையாக்க வேண்டும். மின்னேற்றம் இருக்கும் கப்பாசிற்றரின் முனைகளில் சாவியோ மோதிரமோ பட்டால் கடும் தீக்காயம் ஏற்படும்.

லிதியத்தையும் ஈய அமிலத்தையும் நேரடியாகச் சமாந்தரமாக இணைக்க வேண்டாம். 12 வோல்ற்று அளவில் பார்த்தால், நிரம்பி ஓய்ந்திருக்கும் ஈய அமிலப் பற்றரியின் வோல்ற்றளவு 12.7, லிதியத்தின் வோல்ற்றளவு இறக்கத்தின் பெரும்பகுதியில் 13 முதல் 13.3 வரை தட்டையாக நிற்கும். ஒன்றாகக் கட்டினால் இரவில் லிதியம் வீட்டுக்குக் கொடுப்பதோடு ஈய அமிலத்துக்கும் கசிந்துகொண்டிருக்கும். பகலில் இரண்டுக்கும் வேண்டிய மின்னேற்ற வோல்ற்றளவும் முடிவு நிலையும் வேறு என்பதால் ஒன்று குறைபட்டோ மற்றொன்று மிகைபட்டோ போகும். சரியான முறை இதுதான்: படலின் மின்சாரத்தைச் சீராக்கிப் பற்றரிக்கு அனுப்பும் சூரியக் கட்டுப்படுத்தி லிதியத்தை நிரப்பட்டும். லிதியப் பக்கத்திலிருந்து ஒரு நேரோட்ட மின்னேற்றி ஈய அமிலத்தை 10 முதல் 20 அம்பியரில் நிரப்பி, பின் மிதப்பு நிலையில், அதாவது நிரம்பியபடியே வைத்திருக்கும் குறைந்த வோல்ற்றளவில், வைக்கட்டும். இன்வேற்றருக்கு எந்தப் பற்றரி செல்வது என்பதை, இரண்டும் ஒருபோதும் ஒன்றாகத் தொடாத மாற்றுச் சுவிச்சு தீர்மானிக்கட்டும். சுப்பர் கப்பாசிற்றர் வைப்பதானால் அது லிதியத்தோடு இருக்க வேண்டும். மாற்றுச் சுவிச்சைக் கையால் திருப்புவது போதும். தொடக்கத்தில் தானியங்கிக் கருவி வேண்டாம். எப்பொழுது மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்பதைக் கையால் செய்யும்போதே தொகுதியின் போக்குப் பிடிபடும்.

பற்றரிக்கும் இன்வேற்றருக்கும் இடையிலான கம்பி குறுகியதாகவும் தடித்ததாகவும் இருக்கட்டும். போகவும் வரவும் 3 மீற்றர் நீளமுள்ள 10 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியில் 150 அம்பியருக்கு 0.77 வோல்ற்று இழக்கப்படும். அதையே 35 சதுர மில்லிமீற்றர் ஆக்கினால் 0.22 மட்டுமே. ஒவ்வொரு பற்றரிக்கும் அதன் முனைக்கு அருகிலேயே தனியான நேரோட்ட உருகி வேண்டும். வீட்டு ஆடலோட்டத்துக்கு விற்கும் பிரேக்கரை இங்கே போடக் கூடாது. ஆடலோட்டம் ஒரு செக்கனில் நூறு தடவை சுழியைக் கடப்பதால் பொறி தானே அணையும். நேரோட்டத்தில் அந்த இடைவெளி இல்லை, பொறி நின்று எரியும். ஐப்பசியில் இடியும் மின்னலும் மிகுந்த நாட்களை எண்ணிப் படல் சட்டத்தைப் புவித்தொடுப்புச் செய்து, மின்னல் எழுச்சித் தடுப்பானையும் பூட்டுங்கள். இந்த வேலைகளைத் தகைமை பெற்ற மின்னியலாளரிடம் கொடுப்பதே நல்லது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் முறையாகப் பயின்ற இளையோர் நம்மிடையே இருக்கிறார்கள்.

அளவுகளையும் முன்னுரிமையையும் தீர்மானித்தல்

எட்டுக் கலங்களுள்ள லிதியப் பற்றரிக்கு மின்னேற்ற உச்சம் 28.4 வோல்ற்று, மிதப்பு 27.0, துண்டிப்பு 24.5 என அமைக்கலாம். உற்பத்தியாளர் வேறு அளவு தந்திருந்தால் அதுவே முந்தும். 24 வோல்ற்று ஈய அமிலத்துக்கு உச்சம் 28.8, மிதப்பு 27.2 என்பன 25 பாகை செல்சியசுக்கானவை. ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் கலமொன்றுக்கு 4 மில்லி வோல்ற்று குறைக்க வேண்டும். பன்னிரண்டு கலத்துக்கு, 35 பாகையில், இது ஏறத்தாழ அரை வோல்ற்று. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் சித்திரை வைகாசி மாதங்களில் பற்றரித் தண்ணீர் கொதித்து வற்றும். வெப்பநிலை உணரியோடு வரும் கட்டுப்படுத்தியை வாங்குங்கள்.

லிதியத்தின் வோல்ற்றளவு தட்டையானது என்பதால், அதைப் பார்த்து மிச்சத்தை மதிப்பிட முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கணக்கிடும் அம்பியர் மணி மானி ஒன்று இன்றியமையாதது. அதன் கணக்கும் நாட்போக்கில் பிசகும் என்பதால், இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது பற்றரியை முழுமையாக நிரப்பி மானியை நூறுக்கு மீட்டுவிட வேண்டும்.

காலையில் முதல் வெயில் வீட்டுச் சுமைக்கும் லிதியத்துக்கும் செல்லட்டும். லிதியம் 80 சதவீதத்தைத் தாண்டி, வெயிலும் நிலையாக இருக்கும் நேரத்தில், அதாவது பெரும்பாலும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், பம்பியை ஓட்டுங்கள். அப்பொழுது மோட்டர் கேட்பதில் பெரும்பகுதி படலிலிருந்தே வரும். தாங்கி நிரம்பிய பின்னர் எஞ்சுவது ஈய அமிலத்தின் மிதப்புக்குப் போகட்டும். உடுப்பு மினுக்குவது போன்ற வேலையையும் இந்த நேரத்துக்கே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரவில் லிதியம் 40 சதவீதத்துக்கு இறங்கினால் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். 20 சதவீதத்தில் மாற்றுச் சுவிச்சை ஈய அமிலத்துக்குத் திருப்பி, குளிர்சாதனப்பெட்டியை விடியும்வரை மூடியபடி நிறுத்திவிடலாம். திறக்காமல் விட்டால் உள்ளே குளிர் சில மணித்தியாலம் நிற்கும். ஈய அமிலத்தின் ஓய்வு வோல்ற்றளவு 24.3க்கு இறங்கினால் பாதி முடிந்துவிட்டது எனக் கொண்டு, ஒரு விளக்கையும் யானை வேலியையும் மட்டும் விட்டு மற்ற அனைத்தையும் துண்டிக்க வேண்டும். வேலியின் கருவியை இன்வேற்றரின் பின்னால் வைக்காமல், நேரோட்டத்திலேயே தனி உருகியோடு இணைப்பது நன்று. இன்வேற்றர் நின்றாலும் வேலி நிற்கக் கூடாது. விளைந்த பயிர் ஒரே இரவில் போய்விடும்.

பொது நிலையங்களுக்கான பெரிய தொகுதி

ஒரு வீட்டுக்குக் கப்பாசிற்றரைப் பற்றரியோடு நேரே சமாந்தரமாகக் கட்டுவதே போதும். பல பம்பிகளும் அரைவை இயந்திரமும் ஓடும் கூட்டுத் தோட்டத்துக்கோ, கரையோரத்தில் மீன் குளிரூட்டும் நிலையத்துக்கோ, இரண்டு சேமிப்பிடங்களுக்கும் தனித்தனியே வோல்ற்றளவு மாற்றிகளை வைத்து ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியால் வலுவைப் பங்கிடுவது பொருத்தம். யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான எழுவைதீவில் சூரியப்படல், காற்றாடி, லிதியம் பற்றரி, டீசல் மின்பிறப்பாக்கி ஆகியவற்றை ஒரே தொகுதியாக இயக்கும் ஏற்பாடு உள்ளது. பல மூலங்களைச் சேர்த்து இயக்குவது நமக்குத் தொலைதூரத்து விடயமன்று.

அத்தகைய பெட்டி செய்வது என்னவென்றால், சுமைக்கும் படலுக்கும் இடையிலான வித்தியாசத்தை ஒவ்வொரு கணமும் அளந்து, அதன் சில பத்து நொடிச் சராசரியைப் பற்றரியிடம் கேட்கிறது. சராசரிக்கு மேலும் கீழும் துள்ளுவதைக் கப்பாசிற்றரிடம் விடுகிறது. 600 வாற்றாக இருந்த சுமை சடுதியாக 3600 ஆனால், மேலதிக 3000 வாற்றை முதலில் கப்பாசிற்றர் கொடுக்கும். சுமை நீடித்தால் பற்றரி மெதுவாக ஏறி அதைப் பொறுப்பேற்கும். மேகம் படலை மறைத்து விளைச்சல் சில நொடியில் விழும்போதும் இதுவே நிகழ்கிறது. பற்றரி எந்த நேரமும் மெதுவான மாற்றத்தையே காண்பதால் அதன் வெப்பமும் தேய்மானமும் குறைகின்றன.

இங்கே புதியவர்கள் தவறவிடும் ஓர் அமைப்பு உண்டு. கப்பாசிற்றரை எப்போதும் முழுதாக நிரப்பி வைத்தால், மேகம் விலகிச் சடுதியாகப் பாயும் வலுவை வாங்க அதில் இடமிராது. பாதி வோல்ற்றளவுக்கு இறங்கும்போதே அதன் சக்தியில் 75 சதவீதம் வெளியேறிவிடுவதால், கொடுக்கவும் வாங்கவும் சம இடம் இருக்கும் நிலை உச்ச வோல்ற்றளவின் 80 சதவீதம் அளவில் அமைகிறது. பகலில் அந்த அளவை இலக்காக வையுங்கள். இரவில் வாங்குவதற்கு எதுவும் இல்லை, கொடுப்பது மட்டுமே. ஆகவே மாலையில் இலக்கை 95 சதவீதத்துக்கு உயர்த்தலாம். ஒவ்வொரு துள்ளலுக்குப் பின்னும் பற்றரி சில நூறு வாற்றில் கப்பாசிற்றரை மெல்ல இலக்குக்குத் திருப்ப வேண்டும். இந்த மீட்சியை விட்டுவிட்டால் நாலைந்து தொடக்கங்களில் கப்பாசிற்றர் வெறுமையாகிவிடும்.

வெப்பம், மழை, பராமரிப்பு

பற்றரிக்கு வன்னியில் முதல் எதிரி வெப்பம். ஈய அமிலத்தின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் ஏறத்தாழ பாதியாகும். சுப்பர் கப்பாசிற்றருக்கும் இதே விதி பொருந்தும். தகரக் கூரையின் கீழ் வைக்காதீர்கள். ஓட்டுக்கூரையின் கீழ், வீட்டின் வடக்குப் பக்கத்தில், நிலத்திலிருந்து உயர்த்திய கல் மேடையில் வையுங்கள். கிடுகு வேலிக்கும் கிடுகுக் கூரைக்கும் அருகில் எந்தப் பற்றரியையும் வைக்க வேண்டாம். ஈய அமிலம் மின்னேறும்போது ஐதரசன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறியில் வெடிக்கும். அறையின் மேற்பகுதியில் காற்றோட்டத் துவாரம் கட்டாயம்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் படலில் செம்மண் தூசி படியும். வெயில் ஏறுமுன் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். ஈய அமிலக் கலங்களுக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை இருப்புப் பற்றரியில் வீட்டை இரண்டு மூன்று மணித்தியாலம் ஓட்டி, வோல்ற்றளவு எவ்வளவு இறங்குகிறது எனக் கொப்பியில் எழுதுங்கள். பம்பி கிளம்பும்போது பற்றரி முனையில் காணும் மிகக் குறைந்த வோல்ற்றளவையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண் மாதாமாதம் இறங்கிக்கொண்டு போனால், முதலில் இணைப்புகளை இறுக்கிச் சுத்தம் செய்து, பின்னரே பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும்.

வீங்கிப்போன லிதியப் பற்றரியை மீண்டும் மின்னேற்றிப் பார்க்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து விற்பனையாளரிடம் ஒப்படையுங்கள். முடிந்துபோன ஈய அமிலப் பற்றரியை உடைத்து, வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதற்கென வீட்டு அடுப்பில் உருக்கவும் கூடாது. அந்தப் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பவை. பழைய பற்றரியை எடுக்கும் கடைக்காரர்கள் அதற்கு விலை கொடுப்பார்கள். அமிலத்தை நிலத்தில் ஊற்றாமல், முழுப் பற்றரியாகவே அவர்களிடம் கொடுங்கள்.